தடமில்லாச் சரிவில் மலையேறுதல்

(ஊராட்சி மன்ற உறுப்பினர்களிடையே ஆற்றிய உரை)



மலையடியில் வாழும் மக்களுக்கு மலையைப் பற்றி ஒருவர் வந்து எடுத்துரைக்க வேண்டுமா என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் படுவது அம்மலைதான். முடியில் மேகம் கவிந்தால் களத்து நெல்லை மூடச் சொல்கிறோம். வழி கேட்பவருக்கு, "மலையை வலப்புறம் விட்டுப் போ" என்கிறோம். இவ்வளவு நெருங்கிப் பழகிய ஒன்றைப் பற்றி அறிய வேண்டியது இன்னும் உளதோ எனில், உளது. நாம் அறிந்திருப்பது மலையையா, அதன்மேல் செல்லும் ஒரு பாதையை மட்டுமா என்பதைச் சற்று ஆராய்ந்து பார்த்தல் நன்று.

திருவண்ணாமலையையே எடுத்துக்கொள்வோம். கடல் மட்டத்திலிருந்து அதன் உயரம் 2,668 அடி. ஊரின் தரை மட்டத்திலிருந்து கணக்கிட்டால் ஏறக்குறைய 2,000 அடி ஏற்றம். கோயிலின் பின்புறமிருந்து விரூபாட்சி குகை, கந்தாசிரமம் வழியாகவும் பிற தடங்கள் வழியாகவும் மக்கள் ஏறியிறங்கிய பாதைகள் உள்ளன. அடிவாரத்தைச் சுற்றி 14 கிலோமீட்டர் நீளமுள்ள கிரிவலப் பாதை செல்கிறது. பௌர்ணமி தோறும் இலட்சக்கணக்கானோர் அதில் நடக்கின்றனர். ஆனால் சுற்றிவரும் பாதைக்கும் முடிக்கும் இடையே பரந்து கிடக்கும் சரிவுகளில், ஓடைகளில், பாறை இடுக்குகளில் கால் வைத்தவர் எத்தனை பேர்? ஆடு மேய்த்த முதியவர்களும், சுள்ளி பொறுக்கிய தாய்மார்களும், தீத்தடுப்புக் கோடு வெட்டும் தொழிலாளரும் அறிவார்கள். மற்றவருக்கு அது கண்ணால் மட்டும் கண்ட நிலமே.

இங்கே ஒரு வரலாறு நினைவுக்கு வருகிறது. இரமண மகரிஷி 1896ஆம் ஆண்டு திருவண்ணாமலைக்கு வந்தவர். 1922 வரை பெரும்பகுதி மலைமீதே வாழ்ந்தவர். அம்மலையை அவரைப் போல் அறிந்தவர் அக்காலத்தில் மிகச் சிலரே இருந்திருப்பர். ஒரு நாள் ஓடை ஒன்றில் மிகப் பெரிய ஆலிலை ஒன்று கிடக்கக் கண்டு, அந்த இலை எந்த மரத்தினுடையது என்று காணும் விருப்பத்தால் தடமில்லாச் சரிவில் அவர் தனியே ஏறிச் சென்றார். வழியில் ஒரு புதரில் அவர் கால் பட்டது. உள்ளே இருந்த குளவிக் கூடு கலைந்தது. குளவிகள் இடித்த காலையே சூழ்ந்து கொட்டின. குற்றம் தன் காலினுடையது என்று கருதி அவர் அசையாமல் பொறுத்திருந்தார் என்று அவருடைய வாழ்க்கை வரலாற்றை எழுதியோர் கூறுகின்றனர். பின்னர் அந்த மரத்தைத் தேடிப் போக விரும்பிய அன்பர்களை அவர் ஊக்குவிக்கவில்லை. மகான்களின் வரலாற்றில் நாம் பொருள் தேடும் இடங்கள் பல. உழவனின் கண்ணுக்கு இதில் தோன்றும் பொருள் எளியது. நன்கு அறிந்தவருக்கும் பாதையை விட்டு விலகிய இருபதாவது அடியில் மலை புதிதாகிவிடுகிறது.

அப்படியானால் பாதையை விட்டு ஏறவே வேண்டாம் என்று சொல்லிவிடலாமே எனக் கேட்பீர்கள். அவ்வாறு சொல்லிவிடுவது எளிது. நாம் அவ்வாறு சொல்லப் போவதில்லை. அதற்குக் காரணம் தண்ணீர்.

மலைமீது விழும் மழை பாதை வழியே இறங்கி வருவதில்லை. ஓடை வழியே வருகிறது. நம் ஏரி நிரம்பாத ஆண்டில் மதகைப் பார்க்கிறோம், கரையைப் பார்க்கிறோம், வரத்துக் கால்வாயை ஊரின் எல்லைவரை பார்க்கிறோம். அதற்கு மேலே, கால்வாய் ஓடையாகி, ஓடை பாறைச் சந்தாகி மறையும் இடத்தை ஊராட்சி உறுப்பினர்களில் எத்தனை பேர் சென்று கண்டிருக்கிறோம்? ஏரியில் ஆண்டுதோறும் படியும் வண்டல் எந்தச் சரிவிலிருந்து வந்தது, எந்த ஓடையின் வாயை எவர் கட்டிய சுவர் மறித்திருக்கிறது, எங்கே ஒரு சிறு கற்கட்டு அமைத்தால் நீர் நின்று இறங்கும் என்பனவெல்லாம் அலுவலக மேசைமேல் விரித்த வரைபடத்தில் தெரியா. காலால் நடந்தவருக்கே தெரியும்.

தண்ணீர் வாழ்வு தருவது போலவே உயிரையும் கொள்ளும் என்பதை 2024ஆம் ஆண்டு நமக்கு மறக்கவியலாத வகையில் காட்டிவிட்டது. அவ்வாண்டு நவம்பர் 30ஆம் நாள் இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரையைக் கடந்தது. புயல் கடந்த பின்னும் மழை ஓயவில்லை. டிசம்பர் 1ஆம் நாள் மாலை, திருவண்ணாமலையின் அடிவாரத்தில் வ. உ. சி. நகரில், மலைச்சரிவிலிருந்து மண்ணும் பாறைகளும் பெயர்ந்து வந்து ஒரு வீட்டை மூடின. ஏழு பேர் மாண்டனர். அவர்களுள் ஐவர் குழந்தைகள். அவ்வாண்டு கார்த்திகைத் தீபத்தன்று மலைமேல் ஏறப் பக்தர்களுக்கு அனுமதி அளிக்கப்படவில்லை. தீபம் ஏற்றுவதற்கு வேண்டிய பணியாளர் மட்டுமே சென்றனர்.

இந்நிகழ்ச்சியைச் சொல்வது உங்களை அச்சுறுத்துவதற்காக அன்று. பெரிய பாறை ஒன்று தானே உருள்வதில்லை. அதைத் தாங்கி நிற்கும் மண் நீரால் ஊறி, தன் பிடியை இழக்கும்போதுதான் உருளுகிறது. மண்ணைப் பிடித்து நிறுத்துவது வேர்; வேரை அழிப்பது தீயும் வெட்டும்; நீரைத் தவறான இடத்திற்குத் திருப்புவது நாம் வெட்டிய குறுக்கு வழியும் கட்டிய சுவரும். சரிவில் புதிதாகத் தோன்றிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரம், முன்பு தெளிந்து ஓடிய ஊற்று திடீரெனக் கலங்கி வருதல், அல்லது அடியோடு நின்றுபோதல் ஆகிய குறிகளை முதலில் காணக்கூடியவர் மலையில் நடப்பவரே. அவர் கண்டதைச் சொன்னால், அதிகாரிகளும் நில இயல் அறிஞர்களும் வந்து பார்ப்பதற்கு ஓர் இடம் கிடைக்கும்.

நிற்க. மலையில் கால் வைப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நம் மலைகளில் பெரும்பகுதி காப்புக்காடுகள். திருவண்ணாமலையும் வனத்துறையின் பொறுப்பில் உள்ளதே. "எங்கள் ஊர் மலைக்கு எவரிடம் நாங்கள் அனுமதி கேட்பது?" என்ற பேச்சு திண்ணைகளில் கேட்கிறது. உரிமையுணர்ச்சி நல்லதே. எனினும் அனுமதி கேட்பதில் ஒரு பெரும் நன்மை இருப்பதை அப்பேச்சு மறைத்துவிடுகிறது. நீங்கள் மலையில் இருக்கிறீர்கள் என்பதைக் கீழே ஒருவர் அறிந்திருக்கிறார் என்பதே அந்த நன்மை.

2018ஆம் ஆண்டு மார்ச் 11ஆம் நாள் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நடந்ததை நாடறியும். கொழுக்குமலைப் பக்கமிருந்து இறங்கி வந்துகொண்டிருந்த மலையேற்றக் குழுவினரைக் காட்டுத்தீ சூழ்ந்துகொண்டது. ஆளுயரப் புல் காய்ந்து நின்ற காலம் அது. இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர், பெரும்பாலோர் இளைஞர்கள். அதே ஆண்டில் மலையேற்றத்தை முறைப்படுத்தும் விதிகளை மாநில அரசு வகுத்தது. 2024ஆம் ஆண்டு அக்டோபரில், உள்ளூர் மக்களையே வழிகாட்டிகளாகக் கொண்டு 40 தடங்களில் மலையேற்றம் செல்லும் திட்டம் ஒன்றும் தொடங்கப்பெற்றது. பொழுதுபோக்காக ஏற விரும்பும் இளைஞர்களுக்கு நாம் காட்ட வேண்டியது அத்தகைய தடங்களையே. தடமில்லாச் சரிவு பொழுதுபோக்குக்குரிய இடமன்று. வேலை கருதிச் செல்வோர்க்கு உரியது. இது நம் கருத்து, மாறுபடுவோர் இருக்கலாம்.

சரி, வனச்சரக அலுவலகத்தில் எழுத்து மூலம் அனுமதி பெற்றாகிவிட்டது. அவர்கள் அனுப்பும் காவலர் ஒருவரும் உடன் வருகிறார் என்று கொள்வோம். எத்தனை பேர் போவது? ஐந்தாறு பேருக்கு மேல் வேண்டாம். அவர்களுள் ஒருவராவது அச்சரிவில் ஆடு மேய்த்தவராகவோ, தேனெடுத்தவராகவோ இருத்தல் வேண்டும். அவருக்கு வயது அறுபத்தைந்து ஆயிருந்தாலும் அவரையே முன்னே நடக்க விடுக. அவருடைய நடையே குழுவின் நடை. இளைஞர் முந்தி ஓடுவதும் முதியவர் பின்தங்குவதும் தொடங்கிவிட்டால் அக்குழு மூன்று குழுக்களாகச் சிதறிவிட்டது என்றே பொருள்.

எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். 1892ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து நாட்டு மலையேறுநர் வில்லியம் நெய்ஸ்மித் என்பவர் ஒரு கணக்கு வகுத்தார். மூன்று மைல் தொலைவுக்கு ஒரு மணி. அதனுடன் 2,000 அடி ஏற்றத்துக்கு மேலும் ஒரு மணி. இக்கணக்கின்படி இரண்டு மைல் நடந்து 2,000 அடி ஏற ஒரு மணி நாற்பது நிமிடம் போதும். ஆனால் அந்நாட்டில் காரைமுள்ளும் இல்லை, நம் வெயிலும் இல்லை! தடமில்லாத நம் சரிவுகளில் அதை இரட்டித்துக் கொள்க; மூன்று மடங்கு ஆனாலும் வியப்பில்லை. இறங்குவதற்கும் ஏறக்குறைய அதே நேரம் வைத்துக்கொள்க. விடியும்போது புறப்பட்டு, எங்கிருந்தாலும் நண்பகலில் திரும்பிவிடுவது என்று கீழேயே முடிவு செய்துகொள்ள வேண்டும். உச்சி கண்ணுக்கு எட்டும் தொலைவில் இருக்கும்போது மேலே செய்யும் முடிவுகள் பெரும்பாலும் தவறானவை.

மேலே குளிர்ச்சியாக இருக்கும் என்று நம்பித் தண்ணீரைக் குறைக்க வேண்டாம். ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் ஆறேழு டிகிரி குறையும் என்பது பொதுக்கணக்கு. 600 மீட்டருக்கு நான்கு டிகிரி; அவ்வளவே. காலை பத்து மணிக்கு மேல் வெறும்பாறை அடுப்புக்கல் போல் காய்ந்து, குறைந்த அந்நான்கையும் திருப்பித் தந்துவிடும். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் சுமந்து செல்ல வேண்டும். சுனையில் நீர் இருக்கும் என்று நம்புவது கோடையில் ஏமாற்றம் தரும். மேலும், அச்சுனை நீர் நமக்கு முன்பே மானுக்கும் பறவைக்கும் உரியது.

ஏறும் வழியைத் தெரிந்தெடுப்பதில் தான் பலர் இடறுகின்றனர். ஓடைப்படுகை புதரின்றித் திறந்து கிடப்பதால் அதுவே நல்ல வழி எனத் தோன்றும். ஏறும்போது ஓரளவு உண்மைதான். ஓடையைக் காண்பதே நோக்கமாயின் அதை ஒட்டியே செல்லவும் வேண்டும். ஆனால் வானம் கறுத்திருக்கும் நாளில் படுகைக்குள் நிற்றல் கூடாது. முடியில் பெய்யும் மழையை நாம் காணாதிருக்கும்போதே நீர் வந்துவிடும். வழி தவறியவர் ஓடையைப் பின்பற்றி இறங்கினால் ஊரை அடையலாம் என்னும் பழைய எண்ணம் நம் மலைகளுக்குப் பொருந்தாது. நீர் தனக்கு மிகச் செங்குத்தான வழியைத் தெரிந்தெடுக்கும். அது குதிக்கும் இடத்தில் நாம் குதிக்க முடியாது. மேலிருந்து நோக்கும்போது செங்குத்தான பாறையின் விளிம்பு மட்டுமே தெரியும். அதன் கீழ் உள்ள பள்ளம் தெரியாது. மேட்டு முதுகாக இறங்கி வரும் கிளைமுகட்டின் மேல் நடப்பவர்க்கு இருபுறமும் பார்வை உண்டு. முள் சற்று மிகுதியாக இருக்கலாம், அதைப் பொறுத்துக்கொள்ளலாம்.

ஏறும்போது நூறு அடிக்கு ஒருமுறை திரும்பிப் பாருங்கள். இறங்கும்போது காணப்போகும் மலை அதுதான். ஏறும்போது கண்ட மரமும் பாறையும் இறங்கும்போது வேறு முகம் காட்டும். திருவண்ணாமலையின் கிழக்குச் சரிவில் இருப்பவருக்கு 217 அடி உயர இராஜகோபுரம் ஒரு பெருந்துணை. அது கண்ணில் படும்வரை திசை மாறாது. மேற்கே சென்றுவிட்டால் கோபுரம் மறைந்துவிடும். அடி அண்ணாமலைக் கோயிலைத்தான் அடையாளமாகக் கொள்ள வேண்டும். மூடுபனியிலோ இருளிலோ அடையாளம் ஏதும் இல்லாதபோது, நேராக நடப்பதாக எண்ணிக்கொண்டே மனிதன் வட்டமிட்டு நடப்பான். எனவே வழி தெரியவில்லை என்று உணர்ந்தவுடன் உட்கார்ந்துவிடுவதே சிறந்தது. அமர்ந்து, நீர் பருகி, கடைசியாக எங்கே வழி தெரிந்திருந்ததோ அங்கே திரும்பச் செல்ல முடியுமா என்று பார்க்க வேண்டும். முடியாதெனில் இருந்த இடத்திலேயே இருந்து குரல் கொடுக்க வேண்டும். கைப்பேசியைப் பற்றிச் சிலர் நினைப்பீர்கள். எடுத்துச் செல்லுங்கள், ஆயினும் பள்ளத்துக்குள் அதற்குத் தொடர்பு கிட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பாறைமேல் கறுத்த கோடுகள் காணப்படும். அவை மழைநீர் வழிந்த தடங்கள். ஈரமிருந்தால் பாசி வழுக்கும், அங்கே காலூன்றலாகாது. கைகால் நான்கில் மூன்று எப்போதும் உறுதியான இடத்தில் இருக்க, ஒன்றை மட்டும் நகர்த்துக. ஒருவருக்கு நேர்கீழே மற்றொருவர் வருதல் கூடாது. மேலிருப்பவர் காலில் பட்ட கல் கீழிருப்பவரின் தலையைத் தேடும். சுக்குநாறிப் புல் இடுப்பளவு வளர்ந்திருக்கும் இடங்களில் தரை தெரியாது. கோலால் தட்டிப் பார்த்தே கால் வைக்க வேண்டும். அப்படித் தட்டுவதால் பாம்பும் விலகும். நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கும் நம் மலையடிவாரங்களில் உள்ளவையே. கடி நேர்ந்தால் கீறுதல், உறிஞ்சுதல், இறுகக் கட்டுதல் எதுவும் வேண்டாம். கடிபட்ட உறுப்பை அசையாமல் வைத்து, அவரை நடக்கவிடாது சுமந்து இறக்கி, 108 ஊர்தியில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. பாறை முகட்டில் மலைத்தேன் அடை தொங்கினால் அவ்வழியே போகவேண்டாம். பேச்சையும் புகையையும் குறைத்து விலகுக.

தீயைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். மாசி, பங்குனி, சித்திரைத் திங்களில் இந்தப் புல் எண்ணெய் ஊறிய திரியை ஒக்கும். சரிவில் தீ கீழிருந்து மேலே விரைந்து ஓடும். தன் வெப்பத்தால் மேலுள்ள புல்லை முன்னதாகவே உலர்த்திக்கொண்டு போகும். ஆதலால் தீயைக் கண்டு மேல்நோக்கி ஓடுவோர் தீயுடன் பந்தயம் கட்டுவோர். அப்பந்தயத்தில் வென்றவர் அரியர். பக்கவாட்டில் விலகிப் புல்லற்ற வெறும்பாறையையோ, முன்பே எரிந்து கறுத்த நிலத்தையோ அடைய வேண்டும். அந்த மூன்று திங்களிலும் தடமில்லாச் சரிவுக்குச் செல்லாதிருப்பதே சரியான வழி. பீடியும் தீப்பெட்டியும் எம்மாதத்திலும் மலைக்கு ஆகாது. ஒரு காலத்தில் மொட்டையாய் நின்ற இம்மலையில் 1980களின் இறுதியிலிருந்து மரம் நட்டு வளர்த்து வருகின்றனர். ஒரு கன்று மரமாக எத்தனை ஆண்டு ஆகும் என்பது உழவருக்குச் சொல்ல வேண்டியதன்று. அதை எரிக்க ஒரு பிற்பகல் போதும்.

நம் கால்களாலும் மலைக்குத் தீங்கு உண்டு. வளைந்து வளைந்து செல்லும் பாதையைக் குறுக்கே வெட்டி நேராக இறங்கும் பழக்கம் எல்லா மலைகளிலும் காணப்படுகிறது. வளைவுப் பாதையில் மெல்ல இறங்கும் மழைநீர், அந்த நேர்க்கோட்டில் வாய்க்கால் போல் பாய்கிறது. முதலாண்டில் அது ஒரு கால்தடம்; ஐந்தாம் ஆண்டில் முழங்கால் ஆழப் பள்ளம்; அப்பள்ளத்து மண் நம் ஏரியில் கிடக்கும். பாதையில் செல்லும்போது ஒருவர் பின் ஒருவராக, பாதைக்குள்ளேயே நடக்க வேண்டும். பாதையில்லாத புல்வெளியில் இதற்கு மாறாகச் சற்றே பரந்து, ஒருவர் மிதித்த இடத்தை மற்றவர் மிதிக்காமல் நடக்க வேண்டும். கேட்பதற்கு விந்தையாக இருக்கும். ஆறு பேர் ஒரே வரிசையில் மிதித்தால் அங்கே ஒரு தடம் பிறக்கும். அடுத்த வாரம் அத்தடத்தைக் கண்டு வேறு ஆறு பேர் வருவர். பாறைகளில் வண்ணத்தால் அம்புக்குறி இடுவதும் இதே காரணத்தால் தவறு. போட்டவருக்கு அது எங்கே போகிறதென்று தெரியும். பின்வருபவர் அதை நம்பி எங்கே போவார் என்பது எவருக்கும் தெரியாது.

மேலே சென்று செய்ய வேண்டியது என்ன? கையில் ஒரு குறிப்பேடு வேண்டும். ஓடை பிரியும் இடங்கள், சுனைகள், அவற்றில் எத்திங்கள் வரை நீர் நிற்கிறது, மண் அரித்த இடங்கள், எரிந்த சரிவுகள், கன்றுகள் பிழைத்த இடங்கள் ஆகியவற்றை எழுத வேண்டும். முதியவர் ஒவ்வொரு பாறைக்கும் பள்ளத்துக்கும் ஒரு பெயர் சொல்வார். முலைப்பால் தீர்த்தம், ஏழு சுனை போன்ற பெயர்கள் நூல்களில் ஏறிவிட்டன. ஆட்டுக்காரர் வாயில் மட்டும் உள்ள பெயர்கள் அவரோடு போய்விடும். வழி தவறிய ஒருவரைத் தேடும் இரவில், "இன்ன பாறைக்குக் கீழ்ப்புறம்" என்று சொல்ல ஒரு பெயர் இருப்பதன் அருமை தேடிச் சென்றவர்களுக்குத் தெரியும். 2002ஆம் ஆண்டின் உயிரியற் பன்மைச் சட்டப்படி உள்ளாட்சி ஒவ்வொன்றிலும் ஒரு மேலாண்மைக் குழு அமைந்து, மக்கள் பதிவேடு ஒன்றைப் பேண வேண்டும். நாம் சொல்லும் குறிப்புகளுக்கு அப்பதிவேடு மிகப் பொருத்தமான இடம். பல ஊர்களில் அப்பதிவேட்டின் மலைப்பகுதி வெறும் தாளாகவே இருந்துவிடுகிறது என்று சொன்னால் நம் உறுப்பினர்கள் வருந்தக்கூடாது.

மலையிலிருந்து இறங்கியதும், புறப்படும்போது எவரிடம் சொல்லிச் சென்றோமோ அவரிடம் அனைவரும் வந்துவிட்டோம் என்று சொல்ல வேண்டும். வனச்சரக அலுவலகத்துக்கும் தெரிவிக்க வேண்டும். களைப்பில் இதை மறப்பவர் பலர். அதனால் ஓர் ஊரே விளக்கெடுத்துக்கொண்டு மலையேறிய இரவுகள் உண்டு. குறிப்பேட்டை அன்றிரவே படித்துத் திருத்திவிடுவது நலம். மறுநாள் ஓடைகளின் வரிசை மனத்தில் மாறிவிடும். சரிவில் வெடிப்போ, புதிதாகப் பெயர்ந்த பாறையோ கண்டிருந்தால் கிராம சபை கூடும்வரை காத்திராமல், கிராம நிர்வாக அலுவலரிடமும் வட்டாட்சியரிடமும் எழுதிக் கொடுத்துவிடுக. ஏரியின் வரத்தைப் பற்றியவற்றை மார்ச் 22, உலகத் தண்ணீர் தினத்தன்று கூடும் சபையில் வைக்கலாம்.

இதற்கு ஏற்ற காலம் தைத் திங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஓடைகள் மெலிந்திருக்கும். சுனைகளில் நீர் இருக்கும். புல் பசுமை மாறத் தொடங்கியிருந்தாலும் இன்னும் காய்ந்திராது. அறுவடை வேலை இடையில் வரும் என்பதை அறிவோம். களத்து வேலை முடிந்த மறுவாரம் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, மார்கழியிலேயே அனுமதிக்கு எழுதிவிட்டால் காலம் சரியாக இருக்கும்.